கீரி அழித்த நிரல்

மூங்கில் காட்டில் குளக்கரை விலங்குகள் கூடி ஒரு மென்பொருள் எழுதின. குளம் கரை உடைக்கும் அளவுக்கு நிரம்பினால் அது சங்கு ஊதி எச்சரிக்கும்.

சங்கை ஊத வைக்கும் நிரலை எழுதியது சடையன் என்ற கீரி. ஆபத்து வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் நிரல் தவளையுடையது. அல்லி என்ற நாரை எழுதிய நிரல் நீர்மட்டத்தை அளந்து, கரையிலிருந்த திரையில் காட்டியது.

தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாம் திரையைத்தான் பார்த்தார்கள். "அல்லி, பிரமாதம்!" என்றது மான். "உன்னைப்போல யாருக்கு வரும்!" என்றது யானை.

சங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கீரிக்கு வயிறு எரிந்தது. 'உயிரைக் காப்பது என் சங்கு. பேர் அவளுக்கா?'

அது நாரையின் நிரலை அழிக்கப் போனது. எந்த நிரல் எதை நம்பியிருக்கிறது என்று ஆராய்வது சிலந்தியின் வேலை. அது ஓடி வந்து தடுத்தது.

"பொறு சடையா! எந்தெந்த நிரல் அதைக் கேட்டு நடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்."

"என் நிரலில் அவள் பெயரே இல்லை!"

"நேராக இல்லாவிட்டால் என்ன? வேறொருவர் வழியாக இருக்கலாமே!"

"நீயும் அவள் கட்சிதானா?" என்று சீறிய கீரி, நிரலை அழித்தே விட்டது.

திரை இருண்டது. "நாரை எழுதிய லட்சணத்தைப் பாருங்கள்!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது கீரி. எங்கே பிழை என்று தெரியாமல் நாரை தலை குனிந்து நின்றது.

மறுநாள் காலையிலிருந்தே அடைமழை. மதியம் கரை உடைந்தது. சங்கு ஊதவே இல்லை! இரை தேடப் போயிருந்த கீரி பதறி ஓடி வந்தது. வளைக்குள் வெள்ளம். அதன் இரண்டு குட்டிகளும் மேட்டில் நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சேறு அப்பிய சிறகுடன் நாரை.

"குட்டிகள் கத்துவது கேட்டு வந்தேன். நல்லவேளை, வளைக்குள் எட்டித் தூக்கும் அளவுக்குக் கழுத்து நீளம்!" என்றது அது.

"என் சங்கு ஏன் ஊதவில்லை?" என்று அலறியது கீரி.

சிலந்தி சொன்னது: "ஆபத்தா என்று உன் நிரல் தவளையின் நிரலைக் கேட்கும். நீர்மட்டம் எவ்வளவு என்று தவளையின் நிரல் அல்லியின் நிரலைக் கேட்கும். அங்கே பதில் சொல்ல யாருமில்லை."

கீரியால் நாரையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான்தான் அழித்தேன், அல்லி" என்றது.

நாரை சிறகிலிருந்த சேற்றை உதறியது. பிறகு, "முதலில் குட்டிகளுக்கு ஏதாவது கொடு" என்று சொல்லிவிட்டு, நிரலைத் திரும்ப எழுதப் போனது.

பொறாமையால் பிறர் உழைப்பை அழிப்பவர், தம் வாழ்வும் அதை நம்பியிருப்பதை அறியாமல் தம்மையே அழித்துக்கொள்கிறார்.