இரண்டெழுத்தில் முப்பத்திரண்டு பட்டங்கள்

முன்னொரு காலத்தில், கிரீடத்தைவிடப் பட்டப்பெயர்கள் கனத்த ஒரு ராஜா இருந்தார். கடலோர ராஜ்ஜியம். விளைவது உப்பு மட்டும்தான். ராஜாவுக்குப் பட்டங்களோ முப்பத்திரண்டு. அதில் ஒன்று 'மதயானை அடக்கிய மார்பர்'. யானைக்குக் கரும்பு கொடுப்பதென்றால்கூட எட்ட நின்று வீசுகிறவர் அவர்! கட்டியக்காரன் மாசிலாமணி அந்த முப்பத்திரண்டையும் முழங்கி முடிக்கும்வரை சபையில் ஒருவரும் உட்காரக் கூடாது. ராஜாவும் செங்கோலைப் பிடித்தபடி நின்றே கேட்க வேண்டும். அப்படி ஒரு பரம்பரை வழக்கம்.

அந்தச் சபையின் விகடகவி கூத்தபிரான். பிரெஞ்சுக்காரர் துறைமுகத்தில் ரொட்டி சுட்டபடியே அவர்கள் பாஷையையும், ஆங்கிலேயர் பண்டகசாலையில் மூட்டை தூக்கியபடியே அவர்கள் பாஷையையும் கற்றுக்கொண்டவன். அரண்மனைக் கடிதங்களை எழுதும் ராயசம் வேங்கடாத்திரிக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும்.

ஓர் ஐப்பசி மாதம், உப்பேற்றிய நாற்பது படகுகள் முகத்துவாரத்தில் மாட்டிக்கொண்டன. அங்கே காவல் பிரெஞ்சுக்காரருடையது. ஆங்கிலேயர் தந்த அனுமதிக் கடிதத்தைத் தங்கள் பாஷையில் பார்த்தால்தான் வழிவிடுவோம் என்று துறை அதிகாரி சொல்லிவிட்டான். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழை முந்திக்கொண்டால் ஊராரின் ஒரு வருஷப் பாடும் கடலோடு போய்விடும்.

கடிதம் கூத்தபிரான் கைக்கு வந்தது. ஒற்றை எழுத்தும் புள்ளியுமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கம்பெனி குமாஸ்தாவுக்கு மையில் அவ்வளவு சிக்கனம்! மேன்மை தங்கிய மன்னர் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ஹெச்.ஹெச்.' என்று முடித்திருந்தான். அந்த இடங்களில் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி 'எஸ்.ஆ.' போட்டான் கூத்தபிரான். மேற்குத் திசைக்கு ஆங்கிலத்தில் 'டபிள்யூ' இருந்த இடத்தில் பிரெஞ்சு 'ஓ' போட்டான். ஒரே பகலில் வேலை முடிந்தது.

வேங்கடாத்திரி அதை வாங்கிப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"மோசம் போனோம், பிரபு! மேற்குத் திசைக்கு வட்டச் சுழி போட்டிருக்கிறான். அதுகூடப் போகட்டும். தங்களுடைய முப்பத்திரண்டு பட்டங்களையும் இரண்டெழுத்துக்குள் திணித்துவிட்டானே!"

ராஜாவின் மீசை துடித்தது. "அந்நியன் சுருக்கலாம். என் சோற்றைத் தின்கிறவனுமா சுருக்குவது? உடனே விரித்து எழுது!"

"விரித்தால் ஆபத்து, பிரபு" என்று குழைந்தார் வேங்கடாத்திரி. "அந்தத் துறை அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்தை எண்ணுகிறவன். ஒன்று கூடினாலும் கள்ளக் கடிதம் என்று கிழித்துவிடுவான்."

"அப்படியானால் ஓர் எழுத்தும் கூடக் கூடாது, ஒரு பட்டமும் குறையக் கூடாது. நாளைக் காலையில் கொண்டு வா, கூத்தபிரான். தவறினால் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு வெளியே விட்டுவிடுவேன்!"

கூத்தபிரான் தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். தூணோரம் மாசிலாமணி வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் கூத்தபிரானுக்குப் போன உயிர் திரும்பியது.

மறுநாள் காலை அதே காகிதத்தை வேங்கடாத்திரியிடம் நீட்டி, "எண்ணிக்கொள்ளுங்கள், ஐயா" என்றான். அவர் இரண்டு தடவை எண்ணினார். ஓர் எழுத்தும் கூடவில்லை.

"பட்டங்கள் எங்கே?" என்று அதட்டினார் ராஜா.

"கூடவே வந்திருக்கின்றன, பிரபு."

கூத்தபிரான் படிக்கத் தொடங்கினான். முதல் 'எஸ்.ஆ.' மேல் விரலை வைத்தான். உடனே மாசிலாமணி முன்னே வந்து, "சமுத்திர கம்பீரர்! மும்மலை கொண்ட முடியர்! மதயானை அடக்கிய மார்பர்!" என்று முழங்கினான். சபை எழுந்தது. ராஜாவும் எழுந்தார். முப்பத்திரண்டும் முடிந்த பிறகே உட்கார்ந்தார்கள்.

"துறை அதிகாரி முன்னாலும் மாசிலாமணி நின்று இப்படியே முழங்குவான், பிரபு. எழுத்தும் கூடவில்லை, பட்டமும் குறையவில்லை."

"பலே! மேலே படி!" என்றார் ராஜா.

அரை வரிதான் நகர்ந்தது. அடுத்த 'எஸ்.ஆ.' வந்துவிட்டது. மறுபடி முழக்கம், மறுபடி எல்லோரும் எழுந்தார்கள். ஐந்தாவது தடவை அடுக்களையிலிருந்து மிளகுக் குழம்பின் வாசனை வந்தது. ஆறாவது தடவை வேங்கடாத்திரியின் முழங்கால் சத்தம் போட்டது.

"இன்னும் எத்தனை இடம்?" என்று மெதுவாகக் கேட்டார் ராஜா.

"பன்னிரண்டே பன்னிரண்டு, பிரபு."

வெளியே இடி உறுமியது. ராஜா திடுக்கிட்டார். "மழை வருகிறதே! படகுகள்?"

"கவலை வேண்டாம், பிரபு. பட்டங்கள் ஒன்றும் நனையாது. உப்புதான் கரையும்."

ஏழாவது முழக்கத்துக்கு மாசிலாமணி வாயைத் திறந்தான். வேங்கடாத்திரியால் பொறுக்க முடியவில்லை.

"பிரபு! இரண்டெழுத்தே போதுமே!" என்று தூணைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

ராஜா அவரையே பார்த்தார். "போதாது என்று நேற்றுச் சொன்னது யார், ராயசம்?"

கேட்டுவிட்டு, செங்கோல் கீழே விழச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முத்திரை குத்தினார். கடிதம் குதிரையில் பறந்தது. முதல் துளி விழுமுன் கடைசிப் படகும் முகத்துவாரம் தாண்டியது.

சேதி வந்ததும் ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கூத்தபிரானுக்குப் போட்டார். பிறகு, ஆறிப்போன மிளகுக் குழம்பில் பிசைந்த கவளத்தை வாயருகே கொண்டுபோனார். பழக்கதோஷத்தில் மாசிலாமணி தொண்டையைச் செருமினான். ராஜா கவளத்தோடு கையை உயர்த்தினார்.

"இரண்டெழுத்து, மாசிலாமணி! இரண்டே எழுத்து!"