குளத்துத் தவளைகளின் சுவீடன் சத்தம்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளம். அதில் தவளைகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றைத் தின்று ஒரு தண்ணீர்ப் பாம்பும் சுகமாக வாழ்ந்தது.

அந்தக் குளத்தை மண் கொட்டி மூடி, வேன் நிறுத்த இடம் பண்ணலாம் என்று பள்ளி நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. லிடியா டீச்சர் விடவில்லை. அவருடைய மாணவர்கள் சுவீடன் நாட்டு மாணவர்களோடு சேர்ந்து சதுப்பு நிலங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் நம் தவளைகளின் சத்தம் பதிவானால் பாடத்துக்காகக் குளத்தை விட்டுவைக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் திங்களன்று மண் லாரி வரும் என்று கரையில் நின்று பிள்ளைகளிடம் சொன்னார். சுவீடன் பிள்ளைகள் அனுப்பியிருந்த அவர்கள் ஊர்த் தவளைகளின் சத்தத்தையும் போனில் போட்டுக் காட்டினார். பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதுபோல 'களுக், களுக்' என்று அடக்கமாக இருந்தது.

அதைக் கேட்ட தவளைத் தலைவர் பெருந்தொண்டையாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து எல்லோரும் அதே மாதிரி கத்திப் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"தலைவரே, இது நம்ம சத்தமே இல்லையே" என்றது ஒரு பச்சைத் தவளை.

"நம்ம சத்தத்தை வெளிநாட்டுல கேட்டா சிரிப்பாங்க. பேசாம களுக்குன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை வந்தது. டீச்சர் தண்ணீரருகே போனை நீட்டினார். குளமே 'களுக்' என்றது.

சுவீடன் பிள்ளைகள் குழம்பினார்கள். அது தங்கள் ஊர்த் தவளைதான், தாங்கள் அனுப்பிய பதிவே திரும்பிக் கேட்கிறது என்றார்கள்.

"அப்ப நம்ம குளத்துல தவளையே இல்லையா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

தாமரை இலைக்கடியில் கிடந்த பாம்புக்குப் பகீரென்றது. குளம் போனால் சாப்பாடும் போச்சு! அது பாய்ந்துபோய்ப் பெருந்தொண்டையாரின் பின்னங்காலைக் கவ்வியது.

"குர்ராவ்!" என்று அலறினார் தலைவர். பயத்தில் மற்ற தவளைகளும் சொந்தத் தொண்டையில் கத்தித் தீர்த்தன. சுவீடன் பிள்ளைகள் கைதட்டி, இன்னொரு தரம் வேண்டும் என்றார்கள். பாம்பு இன்னொரு தரம் அழுத்திக் கடித்தது.

பதிவு முடிந்தது, குளம் தப்பியது. பாம்பு காலை விட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் கிளாஸ் இருக்காம். நீயே கத்துறியா, நான் வரட்டுமா?"

"நானே கத்துறேன்" என்றார் பெருந்தொண்டையார், காலைத் தடவியபடி.

அடுத்தவர் காதுக்காகத் தன் குரலை மாற்றிக்கொள்பவன், கடிபட்ட பிறகுதான் சொந்தக் குரலில் கத்துவான்.