கொம்பாயி கட்டிய சுவர்

மலைக்காட்டில் ஓடை திரும்பும் இடத்தில் ஒரு தான்றி மரம் நின்றது. அதன் நடு உயரத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குச் சொந்தக்காரி கொம்பாயி என்னும் இருவாச்சிப் பறவை.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் தாய்ப்பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்குதான் மிச்சம் இருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தகப்பன் பறவை நாள் தவறாமல் பழம் ஊட்டும். தொண்ணூறு நாள் கழித்து, குஞ்சுக்குச் சிறகு முற்றியதும் சுவரை உடைப்பார்கள். கொம்பாயி இப்படி எட்டுப் பிள்ளைகளை வளர்த்து அனுப்பியவள். எட்டில் ஒன்றைக்கூட அவள் இழந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் கோடை மழை சூறைக்காற்றோடு வந்தது. ஒரே பிற்பகலில் காட்டில் பாதிக் கூடுகள் தரைக்கு வந்துவிட்டன. மற்ற பறவைகள் கிளையைக் கவ்விக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தபோது கொம்பாயி மட்டும் மழையில் இறங்கித் தேடினாள். மூன்று குஞ்சுகள் உயிரோடு கிடைத்தன. ஒன்று மைனா, ஒன்று மணிப்புறா, இன்னொன்று கொண்டைக்குருவி. மூன்றுக்கும் தாய் தகப்பன் இல்லை. அந்தப் பெரிய அலகால் நோகாமல் தூக்கிவந்து, காலியாக இருந்த தன் பொந்தில் வைத்தாள். வாசலை மண் பூசி அடைத்தாள். இடுக்கு வழியாக ஊட்டினாள். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவள் இல்லையென்றால் மூன்றும் அன்றைக்கே எறும்புக்கு இரையாகியிருக்கும்.

மழை விட்டதும் செய்தி பரவியது. பிள்ளை வளர்க்க விரும்புகிறவர்கள் வந்து கேட்கலாம் என்று கொம்பாயி சொல்லி அனுப்பினாள். ஆனால் தகுதி பார்த்துத்தான் தருவாள். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வால்காக்கை வந்து, கண்ணில் நீர் வைத்துக்கொண்டு ஓர் அநாதைக் குஞ்சைக் கேட்டது. கொம்பாயி மனம் இளகிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை வால்காக்கையின் மரத்தடியில் கிடந்தது நாலு இறகுதான். அதன்பிறகு அவள் யார் கண்ணீரையும் நம்புவதில்லை. யாரையுமே நம்புவதில்லை என்றும் சொல்லலாம்.

முதலில் ஒரு மணிப்புறாத் தம்பதி வந்து தங்கள் இனத்துக் குஞ்சைக் கேட்டார்கள். கொம்பாயி அவர்கள் கூட்டைப் போய்ப் பார்த்தாள். நாலு குச்சியைக் குறுக்கே போட்டுவிட்டு இதைக் கூடு என்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். உலகத்து மணிப்புறாக்கள் எல்லாம் அந்த நாலு குச்சியில்தான் பிறந்து வளர்ந்தன என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து ஒரு கிழட்டு மரங்கொத்தி வந்தார். மைனாக் குஞ்சு போதும் என்றார். அவருக்கு நல்ல பொந்து இருந்தது, அதற்கு நாலு பக்கமும் சுவரும் இருந்தது. ஆனால் அவர் தனிக்கட்டை, வயதும் ஆகிவிட்டது. நாளைக்கே நீங்கள் கண்ணை மூடினால் பிள்ளையின் கதி என்ன என்று கொம்பாயி கேட்டாள். மரங்கொத்தி திரும்பிப் போனார். பாவம், அவருக்கு அப்போது சாகும் எண்ணமே இல்லை.

மூன்றாவதாக வந்தவள் சிலம்பாயி. அவள் ஒரு தவிட்டுக்குருவி. ஓடைக்கரைச் சூரைப் புதரில் ஏழு பேராகக் கூட்டுக்குடும்பம் நடத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவள். எப்போதும் சருகைக் கிளறிக்கொண்டு, சளசளவென்று பேசிக்கொண்டு திரிவார்கள். அந்தச் சூறையில் அவள் இட்டிருந்த நாலு நீல முட்டையும் உடைந்துபோயின. அன்றிலிருந்து ஏழு பேர் வாயும் அடைத்துக் கிடந்தது.

“அந்தக் கொண்டைக்குருவிப் புள்ளையை எங்கிட்டக் குடுங்கக்கா” என்றாள்.

“வீட்டுக்குச் சுவர் இருக்கா?” என்று கேட்டாள் கொம்பாயி.

“சுவரெல்லாம் இல்லக்கா. கூடு கிண்ணம் மாதிரி திறந்துதான் இருக்கும். சுத்தி சூரை முள்ளு. பாம்பு கூட யோசிச்சுத்தான் வரும்.”

“இரை யார் கொண்டுவருவாங்க?”

“ஏழு பேரும்தான்.”

“ஏழு பேர்னா, ஒரு நாள் புள்ள பட்டினி கெடந்தா நான் யாரைப் புடிச்சுக் கேக்கறது?”

“ஏழு பேர் இருக்கிற வீட்டுல புள்ள எப்படிக்கா பட்டினி கெடக்கும்?”

கொம்பாயிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சுவர் கட்டிவிட்டு வா, பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டாள்.

போகும்போது சிலம்பாயி இடுக்கின் பக்கம் நின்றாள். உள்ளே இருட்டு. மூன்று குஞ்சும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடந்தன. “பொடிச்சி” என்று கூப்பிட்டாள். கொண்டைக்குருவிக் குஞ்சு தலையைத் தூக்கியது. அந்த நிமிஷத்திலிருந்து அதன் பெயர் பொடிச்சி ஆயிற்று.

தவிட்டுக்குருவிக்கும் மண் வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் ஏழு பேரும் ஓடைச் சேற்றை அலகில் அள்ளிவந்து கூட்டைச் சுற்றி அப்பினார்கள். ஆறு நாள் பாடு. பார்க்கச் சகிக்காத சுவர்தான், ஆனால் நின்றது. தினமும் மாலையில் சிலம்பாயி ஒரு வெட்டுக்கிளியைக் கொண்டுபோய் இடுக்கில் நீட்டுவாள். பொடிச்சி அவளைச் சித்தி என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

சுவர் எழும்பிய செய்தி கேட்டு, வீட்டைப் பார்த்துவரக் கொம்பாயி மலையணிலை அனுப்பினாள். மலையணிலுக்கு ஆயிரம் வேலை. நாலு நாள் கழித்துத்தான் வந்தது. புதரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திரும்பிப் போய், நல்ல வீடு, பாசமான ஜனம், சேற்றுச் சுவர் ஒன்று இருக்கிறது, புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது, அதுவும் போன வருஷத்துப் பழசு என்று சொன்னது. அதில் கொம்பாயி காதில் விழுந்தது பாம்புச் சட்டை மட்டும்தான்.

“ஒரு மாசம் பார்ப்போம். அந்தப் பக்கம் பாம்பு வரலேன்னு தெரிஞ்சாத்தான் புள்ளையைத் தர முடியும்” என்றாள்.

 முந்தின மாலைதான் பொடிச்சி சிலம்பாயியிடம், “சித்தி, தோளெல்லாம் அரிக்குது. ரெக்கையை விரிச்சா சுவர் இடிக்குது” என்று சொல்லியிருந்தாள். சிலம்பாயி எத்தனையோ குஞ்சுகளைக் கூட்டைவிட்டு இறக்கிப் பழக்கியவள். அவளுக்கு அந்த அரிப்பு என்னவென்று தெரியும்.

“அக்கா, அவளுக்குச் சிறகு வந்துடுச்சு. எங்களை மாதிரி திறந்த கூட்டுச் சாதிப் புள்ளைங்க பதினஞ்சு நாள்ல பறக்கப் பழகும். அந்த நாளைத் தவற விட்டா சிறகு மடிஞ்சபடியே நின்னுடும். மாசக்கணக்கெல்லாம் அவளுக்கு இல்லக்கா.”

கொம்பாயி சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, விஷயம் தெரிந்தவள் தெரியாதவளைப் பார்த்துச் சிரிப்பது.

“நான் எட்டுப் புள்ள வளர்த்தவ. புள்ளைக்குச் சிறகு முத்தத் தொண்ணூறு நாள் ஆகும். பதினஞ்சு நாள்ல எவளாவது புள்ளையை வெளிய விடுவாளா? இதுக்குத்தான் உன்னை மாதிரி அவசரக்காரிங்க கையில குடுக்கப் பயப்படறேன்.”

சிலம்பாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எட்டுப் பிள்ளைகளை இழக்காமல் வளர்த்தவளிடம் நாலு முட்டையை இழந்தவள் என்ன சொல்லி ஜெயிக்க முடியும்?

அவள் மரங்கொத்தியிடம் போனாள். அந்தச் சுவரைப் பத்துக் கொத்தில் உடைத்துவிட உங்களால் முடியாதா என்று கேட்டாள்.  முடியும், ஆனால் கொம்பாயி வீட்டில் புகுந்து பிள்ளையைத் தூக்கினால் அடுத்த சூறையில் அவள் குஞ்சு பொறுக்க இறங்கமாட்டாள், அவளை விட்டால் இந்தக் காட்டில் மழையில் இறங்க யார் இருக்கிறார்கள் என்றார் மரங்கொத்தி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. சிலம்பாயி திரும்பிவிட்டாள்.

பொந்தை அடைத்த முப்பதாவது நாள் மணிப்புறாக் குஞ்சு இறந்தது. உள்ளே வெக்கை தாங்கவில்லை. கொம்பாயி உண்மையாகவே அழுதாள். பிறவியிலேயே பலவீனமான குஞ்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மீதி இரண்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று இடுக்கைச் சுற்றி இன்னொரு பூச்சு மண் பூசினாள். அதைப் பார்த்த மணிப்புறாத் தம்பதி அந்தப் பள்ளத்தாக்கை விட்டே போய்விட்டார்கள்.

பாம்பு வராத ஒரு மாதமும் கழிந்தது. அதற்குள் மழை வந்து சேற்றுச் சுவரைக் கரைத்துவிட்டது. சுவர் இல்லை என்று கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. சிலம்பாயி மறுபடி சேறு சுமந்தாள். பொடிச்சிக்குத் தோள் அரிப்பது நின்றுவிட்டது. “இப்ப வலிக்கல சித்தி” என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். சிலம்பாயி வெட்டுக்கிளியை நீட்டிவிட்டு வேகமாகப் பறந்து போனாள். குஞ்சுக்கு முன்னால் அழ அவள் விரும்பவில்லை.

தொண்ணூறாவது நாள் விடிந்தது. கொம்பாயி குளித்து, இறகு கோதி, காட்டையே கூப்பிட்டாள். மரங்கொத்தியும் மலையணிலும் வந்தார்கள். சிலம்பாயி வீட்டில் ஏழு பேரும் வந்தார்கள். கொம்பாயி தன் அலகால் சுவரை உடைத்தாள்.

மைனாக் குஞ்சு முதலில் வந்தது. மைனா பொந்தில் வளர்கிற சாதி. அது தட்டுத் தடுமாறிப் பறந்து எதிர்க்கிளையைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அடுத்து பொடிச்சி வந்தாள். வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கினாள். கொழுகொழுவென்று இருந்தாள், உடம்பில் ஒரு காயம் இல்லை. “பற தாயி” என்றாள் கொம்பாயி.  தன் சொந்தப் பிள்ளைகளிடம் எட்டு முறை சொன்ன அதே சொல்.

பொடிச்சி சிறகை விரித்தாள். வலது சிறகு பாதிதான் விரிந்தது. இடது சிறகு அதுவும் இல்லை. விளிம்பிலிருந்து தவறிக் கல் விழுவது போல் கீழே சருகில் விழுந்தாள்.

ஏழு தவிட்டுக்குருவிகளும் ஒரே நேரத்தில் இறங்கி அவளைச் சுற்றி நின்றுகொண்டன. சருகு மெத்தையாக இருந்ததால் உயிருக்கு ஒன்றும் இல்லை. பொடிச்சி எழுந்து மறுபடி சிறகை உதறினாள். மறுபடி உதறினாள். மேலே பார்த்து, “பெரியம்மா, நான் தப்பா செய்யறேனா?” என்று கேட்டாள்.

கொம்பாயி கீழே இறங்கினாள். அந்தச் சிறகை அலகால் தொட்டுப் பார்த்தாள். அது மடிந்தபடியே இறுகியிருந்தது. தொண்ணூறு நாளும் நாள் தவறாமல் அத்திப்பழம் ஊட்டிய அலகு அது. 

“கூட்டிட்டுப் போ சிலம்பாயி. இனிமே நான் எதுவும் கேக்கமாட்டேன்” என்றாள்.

சிலம்பாயி கோபப்படவில்லை. கோபத்துக்கான நாளும் கடந்துபோயிருந்தது.

“அன்னைக்குக் குடுத்திருந்தா அவளுக்குப் பறக்கக் கத்துக் குடுத்திருப்பேன்க்கா. இன்னைக்கு நடக்கத்தான் கத்துக் குடுக்கணும்” என்றாள். பிறகு பொடிச்சியின் பக்கம் திரும்பி, “வா, வீட்டுக்குப் போகலாம்” என்றாள்.

ஏழு பேரும் அன்றைக்குப் பறக்கவில்லை. மூன்று பேர் முன்னும் நாலு பேர் பின்னுமாகச் சருகில் தத்தித் தத்தி, நடுவில் பொடிச்சியை நடத்திக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார்கள். சூரைப் புதரில் அவள் இன்னும் இருக்கிறாள். அவளைக் காவல் காக்க எப்போதும் ஒருவர் மேல்கிளையில் உட்கார்ந்திருக்கிறார். இரை தேட மற்றவர்கள் தூரம் போகும் நாட்களில் அவள் புதரடியில் நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருவாச்சி பறந்தால் சிறகுச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். கொம்பாயி இப்போதெல்லாம் அந்தப் புதருக்கு மேலே பறப்பதில்லை. பொடிச்சி காதில் அந்தச் சத்தம் விழக்கூடாது என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஆதரவில்லாத ஓர் உயிரை ஒப்படைக்கக் குறையே இல்லாத வீட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அன்புள்ள வீட்டைத் திருப்பி அனுப்புவதோடு அந்த உயிர் வாழவேண்டிய காலத்தையும் பறித்துவிடுகிறார்கள்.