முரசு சொன்ன அன்பு

முதலில் தாழ்ப்பாள் சத்தம்தான் கேட்கும். கிறீச்சென்று இழுபட்டு, டொக்கென்று விழும். அதற்கப்புறம்தான் ராஜா வருவான், சபை எழுந்து நிற்கும்.

அது அந்தப்புரக் கதவின் தாழ்ப்பாள். வெகு காலத்துக்கு முன்னால் குறுமணல் நாட்டை ஆண்ட திடமாறன், தினமும் ராணி நீலவேணியை உள்ளே வைத்துத் தன் கையாலேயே பூட்டிவிட்டுத்தான் சிம்மாசனம் ஏறுவான். சபையில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. கிழட்டு மந்திரி கூத்தபிரானுக்கு மட்டும் பழகவேயில்லை. அது கேட்டதும் மடியிலிருந்து பஞ்சை எடுத்துத் தொடையில் வைத்து விளக்குத்திரி திரிக்க ஆரம்பித்துவிடுவார். மனைவி போனதிலிருந்து வீட்டு விளக்குக்கு அவர்தான் திரி போட வேண்டும்.

அன்றைக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து ஆள் வந்திருந்தான். ராணியின் தாயார் படுத்த படுக்கையாம். மகளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதுமாம்.

"முடியாது," என்றான் ராஜா. "அவள் முகத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு கவளம் இறங்காது. இதற்கு என்ன பேர், மதிவல்லபரே?"

மதிவல்லபர் ஆஸ்தானப் புலவர். மந்திரி பதவி மேல் வெகு நாளாக அவருக்கு ஒரு கண். "அன்பு, பிரபு! கலப்படமில்லாத அன்பு!"

"கதவைப் பூட்டுகிறேனே?"

"பாதுகாப்பு."

"யாரோடு சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று தாதிகளைத் துருவுகிறேனே?"

"அக்கறை, பிரபு, அக்கறை!"

"கோபத்தில் தட்டை விட்டெறிந்தேன். அப்புறம் நானே அழுதுவிட்டேன்."

"உரிமை! வேண்டாதவர்கள் மேலா தட்டை எறிவார்கள்?"

சபை தலையாட்டியது. கூத்தபிரான் திரியைக் கீழே வைத்தார். "இதற்கெல்லாம் வேறு பேரும் இருக்கிறது, மகாராஜா."

"பெண்டாட்டி இல்லாதவர் புத்தி சொல்ல வந்துவிட்டார்!" என்றார் மதிவல்லபர். "நீர் திரியைக் கவனியும், ஐயா."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "இந்தச் சொற்களுக்கு இனி இதுதான் பொருள். முரசறையுங்கள்!"

குறுமணல் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டைப் பெருமுரசில் அறைந்த சொல் குடிகளையும் கட்டும், ராஜாவையும் கட்டும். மாற்ற வேண்டுமானால், 'என் சொல் தப்பு' என்று ஊர் கேட்கச் சொல்லி ராஜாவே முரசுத் தோலைக் கிழிக்க வேண்டும். அப்படி ஒருவனும் கிழித்ததில்லை. திடமாறன் அந்த வழக்கத்தை மறந்தே போயிருந்தான்.

"உத்தரவு," என்றார் கூத்தபிரான்.

சாயந்திரம் அந்தப்புர ஜன்னலடியில் போய் நின்றார். கம்பிக்கு அந்தப்பக்கம் ராணி. "அம்மா தாங்குவாளா, அமைச்சரே?"

"கொஞ்சம் பொறுங்கள், தாயே. ஒரு வழி வைத்திருக்கிறேன்."

மறுநாள் ராஜா வேட்டைக்குக் கிளம்பினால், கோட்டைக் கதவு பூட்டிக் கிடக்கிறது.

"என்ன கூத்து இது?"

"பாதுகாப்பு, பிரபு," என்றார் கூத்தபிரான். "முரசில் அறைந்த சொல் உங்களையும் கட்டுமே. உங்கள் முகத்தைப் பார்க்காமல் குடிகளுக்குச் சோறு இறங்கவில்லையாம்."

ராஜாவுக்கு உள்ளூரப் பெருமைதான். குதிரையிலிருந்து இறங்கிவிட்டான். ஆனால் நாவிதன் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "நேற்றுத் தூதரோடு சிரித்தீர்களே, எதற்கு?" என்றான். யானைப்பாகனும் அதையே கேட்டான். தோட்டக்காரன் நம்பாமல் மறுபடி கேட்டான். எல்லாம் அக்கறை. பரிமாறுகிறவன் ஒரு நாள் தட்டையே விட்டெறிந்தான். குழம்பெல்லாம் பட்டு அங்கவஸ்திரத்தில். அப்புறம் ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டு, "உரிமை, பிரபு!" என்று ஓவென்று அழுதான். கடைசியில் ராஜாதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனாலும் ராஜா பிடிவாதக்காரன், தோலைக் கிழிக்க அவனுக்குக் கை வரவில்லை. நாட்கள் போயின. ஜன்னலடியில் கூத்தபிரான், "இன்னும் கொஞ்சம், தாயே," என்றார். ராணி கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் ராஜா சபை நடுவில் வெடித்தான். "பாதுகாப்பா இது? சிறை! அக்கறையா? சந்தேகம்! உரிமையா? அடாவடி! மனுஷனை மூச்சுவிட விடாமல் பண்ணிவிட்டு, அன்பாம்!"

"இதே சொற்கள் அந்தக் கதவுக்குப் பின்னாலும் இருக்கின்றன, பிரபு," என்றார் கூத்தபிரான். "சொல்ல அங்கே ஆளுண்டு. கேட்கத்தான் இங்கே ஆளில்லை."

ராஜா அந்தப்புரக் கதவுப் பக்கம் திரும்பினான். "அப்படியானால் அன்பு எது?"

"போய் வா என்று சொல்ல முடிகிறதே, அது. வருவாள் என்று நம்பிக்கொண்டு, கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருப்பது."

ராஜா எழுந்து போய், ஊர் கேட்க, "என் சொல் தப்பு," என்று முரசுத் தோலைக் கிழித்தான். கிழிந்த தோலை மதிவல்லபர் தலையில் கவிழ்த்தான். "பூட்டுக்குப் பாதுகாப்பென்று பேர் வைத்தவன் நான் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போம்!" தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான். தாழ்ப்பாளைத் தானே இழுத்தான்.

ராணி வெயிலில் கண் கூச நின்றாள். பல்லக்கு வேண்டாமென்று துறைக்கு நடந்தாள். ராஜாவும் மந்திரியும் பின்னாலேயே போனார்கள். ஓடத்தில் கால் வைக்கப்போன நேரம், அக்கரையில் சங்கு ஊதியது. சாவுச் சங்கு. ஓடக்காரன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தான்.

ராணி அழவில்லை. கூத்தபிரானைத் திரும்பிப் பார்த்தாள்.

"கெட்டிக்கார யோசனை, அமைச்சரே. ஊரே சிரித்ததாமே, தாதிகள் சொன்னார்கள்." ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பொறு, பொறு என்று என்னையும் உள்ளேயே உட்கார வைத்தீர்களே. அதற்கு என்ன பேர்?"

ராணி ஓடத்தில் ஏறினாள், ஓடக்காரன் துடுப்பை எடுத்தான். ஓடம் நகர்ந்தது.

"திரும்பி வருவாளா?" என்றான் ராஜா, ரொம்பச் சின்னக் குரலில்.

"தெரியாது, பிரபு."

முத்துமாலை கழுத்தில் கனத்தது. கூத்தபிரான் அதைக் கழற்றிப் படியில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வீட்டு விளக்குக்கு இன்னும் திரி இல்லை. மடியிலிருந்து பஞ்சைக் கிள்ளி, தொடையில் வைத்து உருட்ட ஆரம்பித்தார்.