எங்கே தட்டுகிறது?

"எஞ்சின் தட்டுது தாயி. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்குது."

சாத்தையா இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை. மனிதர்களோடு பேசி ரொம்ப நாளானவருக்கு அதெல்லாம் மறந்துவிடும்.

வந்தவள் ஜெபராணி. வயது முப்பத்துநாலு. டீசல் எஞ்சின் படுத்துக்கொண்டால் அந்த வட்டாரத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சாத்தையாவுக்கு ஐம்பத்தெட்டு. மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டுதான் நின்றார்.

வறண்ட கண்மாய்க்கு நடுவே அவர் ஓட்டும் பழைய செயின் டிராக்டர் நின்றது, டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுவது. சுற்றிலும் கருவேல முள். ஊர் ஊராகப் போய்க் கண்மாய் முள்ளை வேரோடு தள்ளுவது வேலை. வண்டி நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டால் அதுதான் வீடு.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் முதலாளி பொறுப்பாராம். அதுக்குள்ள சத்தம் நிக்கலைன்னா பழைய இரும்புக் கடைக்கு வண்டியை ஏத்திருவாரு."

"இன்னைக்குப் புதனாச்சே."

"அதான் சொல்றேன். இதுவும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஜெபராணி எஞ்சினைச் சுற்றி வந்தாள்.

"என்னென்ன மாத்துனீங்க?"

"டீசலைப் பீச்சுற நாசில்ல மூணு. ஆயில். டீசல் வாங்குற பங்க்கையும் மாத்திட்டேன்."

"கூட ஒரு ஆளு இருப்பாரே?"

"கூடப்பொறந்த தம்பி பூவலிங்கம் இருந்தான். கை சுத்தமான வேலைக்காரன், வாய்தான் ஆகாது. எதுக்கெடுத்தாலும் நொய்நொய்னு. போடான்னுட்டேன். மகன் திருப்பூர்ல இருக்கான். இந்தத் தகரத்தை விட்டுட்டு வந்து எங்கூட இருங்கன்னான். அதுலருந்து அவன் போனை எடுக்கிறதில்ல. இந்த ஊர் டீக்கடைக்காரன், என்னண்ணே ஒத்தையிலயே கெடக்கீகன்னான். அவன் கடைக்கும் போறதில்ல."

டீக்கு இப்போது மூன்று மைல் நடக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. வீம்புக்கு வெயில் தெரியாது.

"இப்ப நிம்மதியா இருக்கீங்களா?"

"நீ மொதல்ல எஞ்சினைப் பாரு தாயி."

வண்டியைக் கிளப்பினார்கள். டொக், டொக் என்று தட்டியது.

ஜெபராணி நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். ஸ்பேனரைச் சாத்தையாவிடம் நீட்டினாள்.

"நாசில் பைப் நட்டை நீங்களே இளக்குங்கண்ணே. ஒவ்வொண்ணா. டீசல் போகலைன்னா அந்த சிலிண்டர் சும்மா இருக்கும். எதைச் சும்மா இருக்க வைக்கும்போது சத்தம் நிக்குதோ, அதுதான் தட்டுது."

முதல் நட்டை இளக்கினார். எஞ்சின் நொண்டியது. தட்டுவது நிற்கவில்லை.

"இறுக்கிட்டு அடுத்ததைப் பாருங்க."

இரண்டாவது. தட்டியது.

மூன்றாவதன் மேல் அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். பல்லைக் கடித்துக்கொண்டு இளக்கினார். அப்போதும் தட்டியது.

நான்காவதும் அப்படியே.

"நாலு மேலயும் தப்பில்லண்ணே," என்றாள் ஜெபராணி.

சாத்தையாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் திட்டித் தீர்த்ததெல்லாம் வீணா?

"ஒண்ணொண்ணா என்ன வேண்டிக் கெடக்கு? மொத்தமா நிப்பாட்டுறேன், பாரு."

மளமளவென்று நான்கு நட்டையும் இளக்கிவிட்டார்.

எஞ்சின் இரண்டு தரம் குலுங்கியது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுபோனது.

கண்மாயில் ஒரு சத்தமும் இல்லை. காக்கைகூட இல்லை. முள்ளுக்குள் காற்று நுழைந்து போவது மட்டும் கேட்டது.

"சத்தம் நின்னுருச்சா?" என்றாள்.

சாத்தையாவுக்கு அழுகை வந்தது. அது எதற்கு வருகிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

ஜெபராணி திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நிக்கும்போது கடைசியா ஒரு தட்டு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எங்கருந்து?"

அவர் யோசித்தார். "முன்னால இல்ல. பின்னால."

"பின்னால எங்க?"

"நான் உக்கார்ற எடத்துக்குக் கீழ."

சீட்டுக்கு முன்னால் இருந்த தகட்டைத் தூக்கினார்கள். அடியிலிருந்த மூடியையும் கழற்றினார்கள். ஜெபராணி ஒரு கடப்பாரைத் துண்டை உள்ளே விட்டு நெம்பினாள். ஃப்ளைவீல், அத்தனை பெரிய இரும்புச் சக்கரம், ஆடிய பல்லைப் போல அசைந்தது.

"போல்ட் இளகியிருக்கு. இதை யாரு முடுக்குனது?"

"நான்தான். ஆறு வருசம் முந்தி."

"போல்ட் திரும்பாம இருக்க லாக் பிளேட் போடணுமே?"

"பழசையே திருப்பிப் போட்டேன்."

"முடுக்கும்போது சக்கரத்தைப் பிடிச்சது யாரு?"

"யாரும் பிடிக்கல. கட்டையை முட்டுக் குடுத்து ஒத்தையாத்தான் முடுக்குனேன்."

"ஏன்?"

"அன்னைக்குக் காலையிலதான் பூவலிங்கத்தைப் போகச் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாருன்னு போகச் சொன்னீங்க?"

சாத்தையா ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"பழைய பிளேட்டைப் போடாதண்ணே, புதுசு வாங்கியாறேன், நான் பிடிச்சுக்கிறேன், அழுத்தி முடுக்குன்னான்."

ஜெபராணி பையைத் துழாவிப் புது லாக் பிளேட்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கிளட்சை இறக்கிட்டு முடுக்கணும். ஒரு நாள் வேலை. உங்களுக்குத் தெரியாததில்ல."

"நாளைக்கு நீ வந்துரு தாயி."

"பிடிக்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான். அதுக்கு மெக்கானிக் எதுக்கு?"

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். கரை தாண்டும்வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அதுவும் இல்லை.

இளக்கிய நான்கு நட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினார்.

செயின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். நம்பர் மறக்கவில்லை. மறக்கத்தான் ஆறு வருஷம் பாடுபட்டிருந்தார்.

ரொம்ப நேரம் மணி அடித்தது.

"யாரு?" என்றது தம்பியின் குரல்.

சாத்தையாவுக்குத் தன் பெயர் வாயில் வரவில்லை.

"எஞ்சின் தட்டுதுடா," என்றார்.

வைத்துவிட்டானோ என்று பயந்துபோய்ப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எங்க தட்டுது?" என்று கேட்டான் பூவலிங்கம்.

"நான் முடுக்குன எடத்துலதான்டா."