வாடகை டிரெய்லரின் பழி யாருக்கு?

பழி தங்கள்மேல் விழாமல் தப்பித்து ஓடியவர்களின் கதைகள் நிறைய உண்டு. இது, ஒரே பழி தனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு மூன்று பேர் வந்து நின்ற கதை. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கோவையில் மருதாசலமும் லூர்துசாமியும் கூட்டாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். ஓடாமல் கிடக்கும் பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்பது தொழில். அவற்றை ஏற்றி வர டிரெய்லர் வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்குவதா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதா என்று இருவருக்கும் ஒரு வருடமாக வாக்குவாதம்.

"நம்ம வண்டின்னா ஒவ்வொரு போல்ட்டும் நமக்குத் தெரியும். அடுத்தவன் வண்டிய நம்பி ரோட்டுல இறங்க முடியுமாப்பா?" என்பார் லூர்துசாமி.

"வருசத்துக்கு நாலு தடவை ஓட்டறதுக்குச் சொந்தமா? மீதி நாளெல்லாம் வெயில்ல நின்னு துருப்பிடிக்கும்" என்பார் மருதாசலம். கடைசியில் அவர் பேச்சுதான் எடுபட்டது.

கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கிடந்த காரை இறக்கி வரவேண்டியிருந்தது. மருதாசலம், டிரெய்லர்களை வாடகைக்கு விடும் சௌந்தரவல்லியிடம் போனார். கணவர் இறந்தபின் அந்தத் தொழிலை அவர்தான் நடத்திவந்தார். நல்ல டிரெய்லர் வெளியூர் போயிருந்தது. ஷெட்டில் நின்றது ஒன்றுதான்.

"இதுல பிரேக் தேஞ்சு போச்சுங்க. மாத்தற சாமான் திங்கக்கிழமைதான் வருது. மலைக்கு ஆகவே ஆகாதுங்க" என்றார்.

வெறுங்கையோடு திரும்பினால் லூர்துசாமி சொன்னதுதான் சரி என்றாகிவிடும். "மலைக்கெல்லாம் இல்லீங்க. பல்லடம் வரைக்கும்தான்" என்றார் மருதாசலம்.

"நெசமாத்தானுங்களா?"

"சத்தியமாங்க."

சௌந்தரவல்லி பூட்டைத் திறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து லூர்துசாமி அதை ஜீப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பிரேக்கைப் பற்றி மருதாசலம் வாயே திறக்கவில்லை. "மெதுவாப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. காரை ஏற்றிக்கொண்டு இறங்குகையில் முதல் வளைவிலேயே டிரெய்லர் பின்னாலிருந்து ஜீப்பைத் தள்ளியது. ஓரமாக நிறுத்த இடம் இருந்தது. வாடகை வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு லூர்துசாமி நிறுத்தாமல் ஓட்டினார். மூன்றாவது வளைவில் ஜீப்பின் பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போனது. டிரெய்லர் குறுக்கே திரும்பி, சாலையோரம் கேரட் விற்றுக்கொண்டிருந்த நஞ்சம்மாள் மேல் சாய்ந்தது.

அதைத் தூக்கி அவரை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை லூர்துசாமி அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். பாதி நேரத்திலேயே கை குளிர்ந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு மூவரும் நஞ்சம்மாளின் கணவர் ஆறுச்சாமியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"தேஞ்ச பிரேக்குன்னு தெரிஞ்சே வண்டியக் குடுத்தேன். பழி எம்மேலதானுங்க" என்றார் சௌந்தரவல்லி.

"ஓட்டினது நான். முதல் வளைவுலயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல" என்றார் லூர்துசாமி.

மருதாசலம் முன்னால் வந்தார். "பொய் சொன்னது நானுங்க."

ஆறுச்சாமி மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்குக் கொஞ்சமாப் போயிருமுங்க. அவ சாவு அப்படிக் கொறைய வேண்டாம். எனக்கு ஒரு பேரு வேணும்" என்றார்.

கதை கேட்டவர்களே, ஆறுச்சாமிக்கு நீங்கள் யார் பெயரைச் சொல்வீர்கள்?

விடை: மருதாசலத்தின் பெயரை. சௌந்தரவல்லிக்குப் பிரேக் தேய்ந்தது தெரியும், வண்டி மலைக்குப் போவது தெரியாது. லூர்துசாமிக்கு மலைக்குப் போவது தெரியும், பிரேக் தேய்ந்தது தெரியாது. முதல் வளைவில் சந்தேகம் வந்தும் நிறுத்தாதது அவருடைய தவறுதான். இந்த விடை அதைத் துடைக்காது. ஆனால் இரண்டையும் அறிந்திருந்தவர் மருதாசலம் ஒருவரே. அதைச் சொல்வதற்கு அவருக்கு முழுதாக இரண்டு நாள் கிடைத்தது. ஆறுச்சாமியும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மருதாசலம் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், விபத்துக்காக லூர்துசாமி மேல் போட்டிருந்த வழக்கில் தன் பொய்யையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.