ஐந்து லிட்டர் வழக்கம்

மலையடிவாரத்து மடம் ஒன்றுக்கு உமையாள் அம்மை தலைவியாக இருந்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் சீடராக வந்த மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு உண்டு, நேர்மை உண்டு. கோபமும் உண்டு. அதை விடுவதற்காகவே வந்திருந்தார்.

ஆற்றுக்கு அப்பாலிருந்த குடிசையில் ஏழு மாதம் மௌனம் காத்தார். உணவை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எட்டாம் மாதம் பிறந்ததும் ஆற்றைக் கடந்து வந்து அம்மையின் முன் அமர்ந்தார்.

"அம்மா, கோபம் போய்விட்டது."

"எப்படித் தெரியும்?"

"ஏழு மாதத்தில் ஒருமுறைகூட வரவில்லை."

அடுத்து அவர் கேட்கப்போவது இருவருக்குமே தெரியும். மலைமேலிருந்த கிளைமடத்துக்கு ஐந்து மாதமாகத் தலைவர் இல்லை. அதன் வாசலில் உள்ள சுனைக்காக இரண்டு ஊரார் நாள்தோறும் மல்லுக்கு நின்றார்கள். நடுவில் அமர்ந்து தீர்த்துவைக்க ஒருவர் வேண்டும். மாசிலாமணி அந்த இடத்தை விரும்பினார். வாழ்நாளில் எந்தப் பதவியையும் அவ்வளவு விரும்பியதில்லை.

"என்னை மேல்மடத்துக்கு அனுப்புவீர்களா?"

"ஜீப்பில் பெட்ரோல் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யும். பிறகு பேசுவோம்."

அந்த ஜீப் எழுபது வயதுக் கிழடு. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போனது. அதை ஓட்டுபவனும் மடைப்பள்ளியில் சமைப்பவனும் ஒருவனே. பெயர் பூவராகன். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவன்.

ஓட்டுபவர் இருக்கையைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் டேங்க். அதன் தலையில்தான் அளவு காட்டும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே ஒரு மிதவை; வெளியே உள்ளங்கையளவு வட்டத் தட்டு; தட்டில் ஐந்து திருகுகள். தட்டுக்கும் டேங்குக்கும் நடுவே இருந்த தக்கை வளையம் காய்ந்து வெடித்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாசிலாமணி.

"சாமி, ஒரு சமாச்சாரம்..." என்று தொடங்கினான் பூவராகன்.

"நான் அணை கட்டியவன், அப்பா."

"அணை ஒழுகாதுங்களா சாமி?"

மாசிலாமணி சிரித்தார். தமக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டு தாமே மகிழ்ந்தார். சமாச்சாரம் என்னவென்று கேட்கவில்லை.

புதுத் தக்கையை வட்டமாக வெட்டி வைத்தார். ஐந்து திருகுகளையும் வரிசையாக, மணிக்கட்டு நோகும்வரை முறுக்கினார்.

அந்த மடத்தில் நாளைக்கென்று எதையும் வாங்குவதில்லை. அரிசி அன்றன்றைக்கு அளக்கப்படும். பெட்ரோல், ஒரு பயணத்துக்கு ஐந்து லிட்டர். வழக்கப்படி ஐந்து லிட்டர் ஊற்றி, மூன்று நாள் பார்த்தார். தட்டைச் சுற்றித் துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. அதைக் கொண்டுபோய் அம்மையிடம் விரித்துக் காட்டினார்.

"ஒரு துளி இல்லை."

"நல்லது. கடைவீதிக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வாரும்."

"நிரப்பவா? ஐந்து லிட்டர் அல்லவா வழக்கம்?"

"இன்று நிரப்பும்."

அவரே ஓட்டிப் போனார். பூவராகன் பக்கத்தில் அமர்ந்தான். திரும்பும் வழியில், மடத்துக்கு ஏறும் கடைசி மேட்டில், இருக்கை ஈரமாயிற்று. வேட்டி நனைந்து தொடை எரிந்தது. மேடேறியதும் வண்டியை நிறுத்தி, கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு இருக்கையைத் தூக்கினார். தட்டின் விளிம்பெல்லாம் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. முறுக்கிய முறுக்கில் தக்கை ஒருபுறம் பிதுங்கிக் கிழிந்திருந்தது.

"போன மாசமும் இதே கூத்துதான் சாமி," என்றான் பூவராகன். "ஒரு வியாபாரி வேண்டுதலுக்குன்னு டேங்கை ரொப்பிவிட்டாரு. அன்னிக்கு என் வேட்டி, இன்னிக்கு உங்க வேட்டி. அஞ்சு லிட்டருல இது ஒழுகினதே இல்ல. எண்ணெய் அடியில கிடக்கும், தட்டு மேல கிடக்கும். எப்படி ஒழுகும்?"

"முன்பே சொல்லித் தொலைப்பதற்கென்ன, மடையா!"

ஒப்பந்தக்காரர்களை முப்பது ஆண்டு நடுங்கவைத்த குரல். சற்றும் மெலியவில்லை, ஆற்றின் அக்கரைவரை போயிற்று.

"சொல்லத்தானே வந்தேன். நீங்க அணை கட்டப் போயிட்டீங்க."

மாசிலாமணி கையை ஓங்கினார். பூவராகன் இரண்டடி பின்வாங்கினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்று மாசிலாமணியும் பார்த்தார். தம் கையில் திருப்புளி இருந்தது.

வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் மடத்து முற்றத்தில் நிறுத்தினார்கள். மாசிலாமணி குழாய் வைத்துப் பெட்ரோலைத் தகர டப்பாக்களில் இறக்கினார். மறுபடி தக்கை வெட்டினார். வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எப்படி முறுக்க வேண்டும், பூவராகா?"

"எதிரும் புதிருமா, சாமி. கொஞ்சம் கொஞ்சமா. தக்கை பிதுங்கறதுக்கு முன்னாடி கையை எடுத்துடணும்."

அப்படியே செய்தார். இறக்கிய பெட்ரோல் முழுவதையும் திரும்ப ஊற்றினார். அதே மேட்டில் மூன்று முறை ஏறி இறங்கினார். பிறகு அம்மையிடம் போனார். இம்முறை துணியை எடுத்துப் போகவில்லை.

"டேங்க் ஒழுகவில்லை," என்றார்.

"சரி."

"பூவராகனை அடிக்கக் கை ஓங்கினேன்."

"குரல் இங்கே கேட்டது."

"மேல்மடத்தைக் கேட்க இனி எனக்கு வாயில்லை."

"இவ்வாண்டு வேறொருவர் போகட்டும்."

மாசிலாமணி கண்ணை மூடித் திறந்தார். அந்தச் சொல்லை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். ஆயினும் அது வலித்தது.

"குடிசைக்கே திரும்பிவிடுகிறேன், அம்மா. ஏழு மாதம் போதவில்லை. ஏழு வருடம் இருக்கிறேன்."

"குடிசைக்கு வேண்டாம். மடைப்பள்ளிக்குப் போம். பூவராகனுக்கு எடுபிடியாக இரும்."

"பூவராகனிடமா! பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை குத்திக்கொண்டே இருப்பானே, அம்மா. குடிசையில் ஒரு தொந்தரவும் இல்லை."

"குடிசையில் உமக்குள் ஊற்ற யார் இருக்கிறார்கள்?" என்றார் அம்மை.